வாங்குக்கு நிறுத்திய இசை

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைப் பக்கம் மின்சாரத்தில் வாசிக்கும் ஓகன் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒருவன் என் மச்சான், மாமியின் மகன். சவூதியில் சாரதி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன், தங்கம் வரும் என்று காத்திருந்த மாமியின் முன்னால் ஓர் ஓகனை இறக்கி வைத்தான். மாமி பல நாள் அவனோடு கதைக்கவில்லை. ஓகன் அவனுடையது, வாசிப்பது நான். பொத்தானை அழுத்தினால் தாளத்தை அதுவே போட்டுக்கொள்ளும்.

அவன் வீட்டுப் பின்னறையில் நானாகவே ஓர் இசை கட்டினேன். பாட்டு இல்லை, சொல் இல்லை, வெறும் இசை. ஒரு பின்னேரம் அதைக் கெசட்டில் பதியும்போது, பாதியில் பள்ளிவாசலில் அசர் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். வாங்கு கேட்டால் எங்கள் ஊரில் திருடனும் ஒருகணம் கையை எடுப்பான். நானும் எடுத்தேன், மச்சான் பதிவை நிறுத்தினான். வாங்கு முடிந்து தொடர்ந்தபோது தாளம் அரைத் தட்டுப் பிந்தி விழுந்தது. திரும்பப் பதிய இருவருக்கும் அலுப்பு. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்தக் கெசட்டை ஒரு சுன்னத்துக் கலியாண வீட்டுக்கு இரவல் கொடுத்தோம். அதோடு அது எங்கள் கையை விட்டுப் போயிற்று. முதலில் ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டது, பிறகு நிந்தவூர் பஸ்ஸில், பிறகு தியேட்டர் இடைவேளையில். கடைசியில் கெசட் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார் ஒன்றில் உறை போட்டு விற்றார்கள். உறையில் கடைக்காரரின் பேர் இருந்தது. காசு எனக்கு வேண்டாம். கட்டியவன் நான் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும். ஆனால் அந்த நாலு பேரில் ஒருவராக என் வாப்பா இருந்துவிடக் கூடாது. அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்காயர், இசை என்றாலே முகம் சுளிப்பவர். மச்சானிடம் நான் அரபு பேசப் பழகுவதாக நம்பிக்கொண்டிருந்தார்.

மச்சான் சும்மா இருக்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

"இது எங்கட, காக்கா" என்றான் கடைக்காரரிடம், அண்ணன் முறை வைத்து.

"எல்லாரும் அப்பிடித்தான் செல்ற" என்றார் கடைக்காரர்.

மச்சான் அவருடைய கெசட்டையே போட்டு அந்த இடம் வரை ஓடவிட்டான். "இந்தா, இதுல தாளம் பிந்துது. வாங்கு சொன்ன நேரம் நாங்க நிப்பாட்டின இடம்."

கடைக்காரர் திருப்பிப் போட்டுக் கேட்டார். "ஓம், மெய்தான். வேணுமெண்டு வெச்ச அழகெண்டெல்லோ நான் நெனச்ச" என்று சிரித்தார். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். மனிதர் பேனையைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இனி அடிக்கிற உறையில பேரப் போடுவம். செல்லுங்க தம்பி. ஆருட மகன் எண்டும் செல்லுங்க, இல்லாட்டிச் சனத்துக்கு ஆளத் தெரியா."

எங்கள் ஊரில் வாப்பாவின் பேர் சேராமல் எவனுக்கும் பேர் இல்லை. மச்சான் என்னைப் பார்த்தான். கடைக்காரர் பேனையைப் பிடித்தபடியே இருந்தார்.

"வேணாம் காக்கா. கிடக்கட்டும்" என்றேன்.

வழி நெடுகிலும் மச்சான் ஏசிக்கொண்டு வந்தான். நியாயமான ஏச்சுத்தான்.

பெருநாள் நெருங்கிய ஒரு காலையில், புடைவைக் கடை ஒன்றின் விளம்பர வான் அந்த இசையைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவால் போனது. நானும் வாப்பாவும் வீட்டு வாசல் கடப்படியில் நின்றோம். ஏசப்போகிறார் என்று பார்த்தேன். வான் மூலை திரும்பும்வரை அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்லாத்தான் இரிக்கி. ஆரு வாசிச்ச?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியா வாப்பா" என்றேன்.