புள்ளி விழாத கொப்பி

ராத்தாவின் தாவரவியல் கொப்பியில் ஒவ்வொரு பக்கமும் கோடிட்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இடப்பக்கம் வினா, வலப்பக்கம் விடை. கல்முனைக் கல்லூரியில் ஆசிரியர் சொன்னவற்றை அன்றன்றே தன் சொற்களில் சுருக்கி அவ்வாறு எழுதிவைப்பாள். எழுபதுகளின் இறுதியில், உயர்தரப் பரீட்சையை அவள் இரண்டாம் முறை எழுதவிருந்த ஆண்டு அது. வாப்பா நிபந்தனையோடுதான் இசைந்திருந்தார்: நெசவு குறையக் கூடாது, இம்முறையும் தவறினால் சம்மாந்துறை மாப்பிள்ளைக்கு அவள் இணங்கிவிட வேண்டும்.

ஆதலால் மருதமுனையில் எங்கள் வீட்டுத் தறியடியே அவளுக்குப் படிப்பறையாயிற்று. அவள் நெய்வாள், அவளுடைய எட்டு வயதுத் தங்கையாகிய நான் அருகிலிருந்து வினாக்களை வாசிப்பேன். விடை தெரியாத வினாவுக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி விழுந்தவற்றை மட்டும் கடைசி வாரத்தில் படிப்பது அவள் திட்டம்.

விடை வராதபோது தறியும் நின்றுவிடும். உடனே முன்னறையில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும் வாப்பாவின் குரல் எழும்.

“என்ன புள்ள, தறிக்கும் சோதினையா? வாயத் தொறக்குதில்லயே!”

அந்தக் குரலுக்கு அஞ்சி, அவள் தயங்கும் கணத்திலேயே விடையின் முதற்சொல்லை மெல்ல எடுத்துக்கொடுக்கத் தொடங்கினேன். மீதியை அவள் சொல்லிவிடுவாள், தறியும் ஓடும். புள்ளி மட்டும் விழாது.

பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கையில், தறியிலிருந்தபடியே கொப்பியை வாங்கி, வலப்பக்கத்தை மறைத்துத் தானே விடை சொல்லிப் பார்த்தாள். பாதியில் நின்றாள். அடுத்த வினாவிலும் நின்றாள். பக்கங்களைப் படபடவெனப் புரட்டினாள்.

“தங்கச்சி, கடைசி மூணு பாடத்திலயும் ஒரு புள்ளியையும் காணல்லயே?”

“தறி நிண்டா வாப்பா ஏசுவார்தானே, ராத்தா...”

அவள் முகம் வெளிறியது. அடி விழுமென்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ கொப்பியை என் மடியில் வைத்தாள்.

“அந்த மூணையும் முதல்ல இருந்து கேளு. சொல்லித் தந்தியோ, பாத்துக்க!”

முதற்பக்கத்திலேயே மூன்று புள்ளிகள் விழுந்தன. பெருநாள் சாரன் துணி பாதி நெய்தபடி கிடக்க, தறி ஓய்ந்திருந்தது. வாப்பா எழுந்து உள்ளே வந்தார். கொப்பியையும் ராத்தாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

“எழும்பு.”

அவள் எழுந்தாள். அவர் தறியில் அமர்ந்து மிதிக்கத் தொடங்கினார்.

“ரெண்டு பேரும் அந்த மூலைக்குப் போய்க் கதையுங்க. எனக்கு இழை தப்புது.”

தறியை வாப்பா பறித்துக்கொண்டார், இனிக் கலியாணந்தான் என்று அடுப்படிக்கு ஓடி உம்மாவிடம் அழுதேன். உம்மா முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டுத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அவர் ஏன் சிரிக்கிறார் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.