ஏழாவது பத்தி

கோமதி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது, பேகம்பேட் அலுவலகத்தில் ஒரு பதில் மனுவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். போனில் அவள் தம்பி, "தூக்கத்துலயே போயிட்டா அக்கா" என்றார். திரையில் அடுத்த பத்திக்கு எண் தானாக வந்து நின்றது. எனக்குத்தான் எழுத ஒன்றும் வரவில்லை.

நாங்கள் இருவரும் நடத்திய வக்கீல் அலுவலகத்துக்குத் தானியங்கி எண்ணைக் கொண்டுவந்தவளே அவள்தான். கையால்தான் எண் போடுவேன் என்று நான் அடம்பிடிப்பேன். "நக்கோ டீ! நம்பரை கம்ப்யூட்டர் பாத்துக்கட்டும், நாம கட்சிக்காரங்களைப் பாப்போம்" என்பாள். மாரெட்பள்ளியிலேயே பிறந்து வளர்ந்தவள், சண்டையிலும் அவளுக்கு 'வேண்டாம்' வராது, அந்த ஊர் நக்கோதான் வரும்.

அந்த எண் ஒருமுறை அவள் காலையே வாரிவிட்டது. லாலாகுடா செல்வியம்மாவின் வழக்கு நம் நீதிமன்ற நண்பர்கள் சிலருக்கு நினைவிருக்கும். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த கணவர் முருகேசன் இறந்ததும், வீடு தனக்கே என்று கொழுந்தனார் வழக்குப் போட்டார். அவர் மனுவின் ஏழாவது பத்தி, 'செல்வி என் அண்ணன் மனைவி' என்றது. எட்டாவது, 'வீட்டில் அவருக்கு உரிமையில்லை' என்றது. நாங்கள் ஏழாவதை ஒப்புக்கொண்டு எட்டாவதை மறுக்க வேண்டும். பதிலை அதே எண் வரிசையில் எழுதுவது எங்கள் வழக்கம். கடைசி நேரத்தில் கோமதி, தேவையில்லை என்று எங்கள் மூன்றாவது பத்தியை நீக்கினாள். கீழே இருந்ததெல்லாம் சத்தமில்லாமல் ஓர் எண் மேலேறிக்கொண்டது. தாக்கலான பதிலில் ஏழுக்கு நேராக 'முற்றிலும் பொய்' என்று இருந்தது.

"இவரே மனைவி இல்லை என்கிறார்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளினார். செல்வியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ நான் யாரும்மா?" என்றார். கோமதி தயங்காமல் எழுந்தாள். "தவறு என்னுடையது, என் கட்சிக்காரருடையது அல்ல" என்று நீதிபதியிடம் சொன்னாள். திருத்த அனுமதி கிடைத்தது. பிறகு வீடும் செல்வியம்மாவுக்கே நின்றது.

அன்று முதல், தாக்கலுக்கு முன் கட்சிக்காரரை எதிரில் உட்காரவைத்து, எதிர் மனுவை அவளும் எங்கள் பதிலை நானும் அவருக்குப் புரியும் மொழியில் உரக்கப் படிப்போம். "நம்பர் தானா வரும், நியாயம் தானா வராதுடீ" என்பாள்.

அஞ்சலிக்குச் செல்வியம்மாவும் வந்திருந்தார். நீங்கள் யார் என்று உறவினர் ஒருவர் கேட்டார். "லாலாகுடா முருகேசனோட பொண்டாட்டி" என்றார் நிமிர்ந்து.

இப்போது நானும் தானியங்கி எண்தான் போடுகிறேன், கோமதி. உரக்கப் படிப்பதை மட்டும் விடவில்லை. உன் பங்கையும் நானே படிக்கிறேன். ஏழாவது பத்தியை இரண்டு முறை.