மூன்று பொட்டும் ஒரு பட்டையும்

கலாசின் ஊர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் ரம்பாய்க்கு ஊரையே தூங்க வைக்கத் தெரியும். தன் வாயை மட்டும் தூங்க வைக்கத் தெரியாது. நோயாளியின் நெற்றியில் தூக்கத்தின் ஆழத்தை அளக்கும் பட்டை ஒன்றை ஒட்டி, பெட்டியில் ஓடும் எண்ணைப் பார்த்தபடியே ஊர்க்கதை பேசுவாள். எண் நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் நின்றால் நல்ல தூக்கம். அதற்கு மேல் ஏறினால் அவள் பேச்சு நின்றுவிடும். மருந்தில் கைகால் அசையாமல் கிடப்பவன், கத்தவும் முடியாமல் கத்தியை உணர்ந்துகொண்டிருக்கலாம்.

லாரி ஓட்டும் கம்சிங் பித்தப்பைக் கல்லோடு வந்து படுத்தான். நெற்றியில் புத்த விகாரத்துப் பெரிய துறவி குழைத்து இட்ட மூன்று வெள்ளைப் பொட்டுகள்.

"குடிப்பியாப்பா?" என்றாள் ரம்பாய். குடிக்கிறவனுக்கு மயக்க மருந்து கூடுதலாக வேண்டும்.

கம்சிங் பக்கத்தில் நின்ற மனைவி மாலிவனை ஓரக்கண்ணால் பார்த்தான். "சேச்சே! திருவிழான்னா ஒரு மடக்குதான்க்கா."

"மடக்கா, குடமா?"

அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். மாலிவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, வெளியே வர்ற வரைக்கும் அந்தப் பொட்டை யாரும் தொடக்கூடாது. அதுதான் உள்ளே இவரைக் காக்கணும்" என்றாள். ரம்பாய் யோசிக்காமல் தலையாட்டித் தொலைத்தாள்.

கம்சிங் தூங்கியதும் பட்டையைப் பொட்டுகளைச் சுற்றி வளைத்து ஒட்டிப் பார்த்தாள். காய்ந்த பொட்டு இடம் கொடுக்கவில்லை. பெட்டியில் வெறும் கோடுதான் வந்தது.

"நாடி, பிரஷர் எல்லாம் நல்லாத்தானே இருக்கு. சாமி வெச்ச பொட்டு, விட்டுடுங்கக்கா" என்றார் டாக்டர் நரோங்.

"படுத்திருக்கிறது நீங்களா இருந்தா விட்டுடுவேன் டாக்டர்."

பொட்டுகளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். எண் வந்தது. கத்தி பட்டதும் அது மளமளவென்று எழுபதைத் தாண்டியது. "இவன் ஊர்ல தினமும் திருவிழா போலிருக்கு! டாக்டர், கையை எடுங்க" என்று அதட்டி மருந்தைக் கூட்டினாள். எண் அறுபதுக்குக் கீழே இறங்கிய பிறகே டாக்டரை மறுபடி கத்தி எடுக்க விட்டாள்.

எல்லாம் முடிந்ததும் டாக்டர், "வேர்வையில அழிஞ்சிடுச்சுன்னு சொல்லிடுங்க" என்று யோசனை சொன்னார். நல்ல பொய்தான். ஆனால் வெளியே மாலிவன் கணவனின் முகத்தைத் தொடுவதற்கு முன்பே நெற்றியைத்தான் பார்த்தாள்.

"பொட்டு எங்கேக்கா?"

"நான்தான் துடைச்சேன்."

மாலிவனின் முகம் வெளிறியது. "அப்போ உள்ளே இவரை யாரு காத்தாங்க?"

ரம்பாய் அவன் நெற்றியில் பட்டை இருந்த இடத்தைத் தொட்டாள். "நான்... கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டே இருந்தேம்மா."

மாலிவன் அவளையே பார்த்தாள். பிறகு, துறவிக்குக் கும்பிடுவதுபோலக் கூப்பிய கைகளை நெற்றிவரை உயர்த்திக் குனிந்தாள். "ஐயையோ, எனக்கு எதுக்கும்மா!" என்று ரம்பாய் பதறி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கப் பார்த்தாள். அவை இறங்கவில்லை. ரம்பாய்க்கு அழுகை வந்துவிட்டது.