சென்னையில் இருக்கும் அப்பா

ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை அப்பா சென்னையில் அண்ணன் வீட்டில் இருந்தார். லிஃப்டில் ஏறி இறங்கப் பழகிவிட்டார், காலையில் பூங்காவில் நடக்கிறார், மருமகள் வேளாவேளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள் என்பதெல்லாம் உடையார்பாளையத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போனது ஒன்றுதான். அவர் பெரம்பலூருக்கு வெளியே, அரியலூர் போகும் சாலையில், சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். இந்தச் சென்னையைக் கண்டுபிடித்தது அண்ணன். அதற்கு மாதாமாதம் பணம் கட்டியது நான்.

அம்மா போன பிறகு அப்பா ஊரில் தனியாகத்தான் இருந்தார். சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார். குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் இனி அவரைத் தனியாக விட முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் எதுவும் புரிவது அபூர்வம். அண்ணன் உடனே வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினான். பெயர் ‘அப்பா நலம்’. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அதில் கும்பிடும் கைகளை அனுப்பினான்.

என் வீடு பெரம்பலூரில். கீழே ஓர் அறை சும்மா கிடந்தது. என் கணவருக்கும் மறுப்பில்லை. அவருக்கு எதிலுமே மறுப்பு கிடையாது. அப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன் என்று குழுவில் எழுதினேன். அடுத்த நிமிடம் அண்ணன் போன் செய்தான்.

“ரெண்டு ஆம்பளப் புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அப்பா பொண்ணு வூட்டுச் சோத்தத் திங்கறதா? ஊருல நாங்க தலகாட்ட முடியுமா?”

எங்கள் பக்கத்துச் சட்டம் அது. பெண்ணைப் பெற்றவர் அவள் வீட்டில் விருந்தாளியாக வந்து ஒருவேளை சாப்பிடலாம். அங்கேயே தங்கிச் சாப்பிட்டால் மகன்களின் மானம் போய்விடும். மகன்கள் எட்டிப் பார்க்காமல் இருந்தால் மானத்துக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது வெளியே தெரிவதில்லை. அண்ணன் அதிகம் பயந்தது பூலாம்பாடியில் இருக்கும் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு. அத்தை மூன்று மகன்களைப் பெற்றவர். எந்த விசேஷ வீட்டுப் பந்தியிலும், யார் வீட்டுப் பிள்ளை பெற்றவர்களைக் கவனிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் கை கழுவ எழுவார். அப்பா என் வீட்டில் இருப்பது அவர் காதுக்குப் போனால் அண்ணன் கதை கந்தல்தான்.

ஆகவே குடும்ப மானத்தைக் காப்பாற்ற முதியோர் இல்லம் தேடினோம்.

முதலில் பார்த்தது பைபாஸ் ஓரத்தில். கல்யாண மண்டபமாகப் பிறந்து, கொஞ்ச காலம் பாலிடெக்னிக்காக இருந்து, கடைசியில் முதியோருக்கான ‘ரெசிடென்சி’ ஆகியிருந்தது. மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில் பெரிய டிவி. டை கட்டிய மேனேஜர் டெபாசிட் தொகையைச் சொன்னதும் அண்ணன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். அப்பாதான் நிதானமாக, அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று விசாரித்தார். முழுவதும் கிடைக்கும் என்றார் மேனேஜர். எப்போது என்று கேட்டார் அப்பா. மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு என்று இழுத்தார். அப்படியென்றால் தான் வந்து வாங்கிக்கொள்ள முடியாதே என்று சொல்லி அப்பா வாக்கரைப் பிடித்து எழுந்துவிட்டார்.

அடுத்தது தா.பழூர் பக்கம், வயல்களுக்கு நடுவே. கட்டணம் குறைவு என்பதால் அண்ணனுக்கு அது போகும் வழியிலேயே பிடித்துவிட்டது. அங்கே ஆண் பெண் எல்லோருக்கும் மொட்டை அடித்திருந்தார்கள். பேன் தொல்லை இல்லை, எண்ணெய்ச் செலவு இல்லை என்று பெருமையாக விளக்கினார் நடத்துபவர். கோயிலுக்கு வந்த மாதிரி இருக்கிறது என்றான் அண்ணன், பக்தியோடு. அப்பா தன் தலைமுடியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில், முன்பதிவு உண்டா, எங்கள் அண்ணனுக்கும் ஓர் இடம் போட்டு வைக்க முடியுமா என்று நடத்துபவரிடம் கேட்டுவிட்டேன். அண்ணன் போய்க் காரை ஸ்டார்ட் செய்தான்.

மூன்றாவதுதான் இந்த லாரிச் சாலை இல்லம். பெருமைப்பட ஒன்றும் இல்லை. வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் எல்லா மதச் சாமிகளும் உள்ள ஒரே காலண்டர். ஆனால் கழிவறைச் சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி பதித்திருந்தார்கள். அப்பா அதைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. இது போதும் என்றார்.

டெபாசிட்டுக்கு அண்ணன் பொறுப்பேற்றான். பொறுப்பேற்றான் என்றால், அப்பா வங்கியில் போட்டு வைத்திருந்த பணத்தை உடைத்துக் கட்டினான் என்று அர்த்தம். மாதக் கட்டணம் தம்பியுடையது என்று முடிவானது. கொஞ்ச நாள் அனுப்பினான். பிறகு வீட்டுக் கடன் வந்தது, பிறகு பிள்ளையின் ஸ்கூல் வந்தது, பிறகு கும்பிடும் கைகள் மட்டும் வந்தன. அப்பாவின் பென்ஷன் மாத்திரைக்கே சரியாகப் போனது. ஊரில் அப்பாவுக்கு இருக்கும் முந்திரிக் கொல்லையின் குத்தகைப் பணம் எங்கே போகிறது என்று குழுவில் கேட்டேன். அன்று முழுக்க இரண்டு பேர் போனிலும் சார்ஜ் இல்லை.

இப்படித்தான் கட்டணம் என் சம்பளத்துக்கு வந்து சேர்ந்தது. அப்பா பெண் வீட்டுச் சோற்றைத் தின்னக்கூடாது. பெண் காசில் யாரோ பொங்கிய சோற்றை, யார் வீட்டிலோ உட்கார்ந்து தின்னலாம். அதில் மானக்கேடு இல்லையாம். ஒரே நிபந்தனை, இதை நான் வெளியே சொல்லக்கூடாது. சொல்லவில்லை. யார் கட்டுகிறார்கள் என்று அப்பா கேட்டபோது அவரிடம் மட்டும் மறைக்கவில்லை. டீ வந்துவிட்டதா பார் என்றார் அவர்.

அப்பா அங்கே சேர்ந்த பிறகுதான், இந்த வட்டாரத்தில் இப்போதெல்லாம் யாரும் தங்கள் வீட்டில் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை என்று தெரிந்துகொண்டேன். எல்லாம் இல்லத்தில்தான். சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, குடும்பத்தோடு வந்து, பெரியவர்களுக்குப் பரிமாறுவது போல் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். பிறந்தநாள், கல்யாண நாள், திதி, பத்தாம் வகுப்புப் பாஸ் எல்லாவற்றுக்கும் பாயசம். ஒருவர் புதுக் கார் வாங்கியதற்காகச் சாப்பாடு போட்டார். இலையில் உட்காரும் முன் எல்லோரும் வாசலுக்கு வந்து காரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. அப்பாவின் பக்கத்துக் கட்டில்காரருக்குச் சர்க்கரை. முன்பின் பார்க்காத குழந்தைகள் நூறாண்டு வாழ வேண்டும் என்று அவர் கேக்காகத் தின்றுகொண்டிருந்தார். அன்னதான நாளில் நடக்க முடிகிற எல்லோரும் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும், அது இல்லத்தின் கட்டளை.

இத்தனையும் யோசித்த அண்ணன், அன்னதானம் செய்ய வருகிறவர்கள் எந்த ஊரிலிருந்து வருவார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது கொடி கட்டிய கார் வந்து நின்றது. இறங்கியவன் எங்கள் பங்காளி வீட்டுப் பையன், அப்பாவைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற முறை. பையன் என்றால் தலை நரைத்த பையன். அண்மையில்தான் கட்சியில் ஏதோ பொறுப்பு கிடைத்திருந்தது. ‘ஆதரவற்ற முதியோருக்கு அறுசுவை அன்னதானம்’ என்று பேனர் கட்டினார்கள். அதில் அறுசுவையைவிட அவன் முகம் பெரிதாக இருந்தது. அவன் கேமராவைப் பார்த்துக்கொண்டே லட்டு வைத்துக்கொண்டு வந்ததால், முன்வரிசையில் இருந்த அப்பாவின் இலையில் லட்டு விழுந்து, படமும் எடுத்து முடித்த பிறகுதான் குனிந்து பார்த்தான்.

“பெரியப்பா… நீங்க மெட்ராஸ்ல இல்ல இருந்தீங்க?”

“வா தம்பி” என்றார் அப்பா. “கூட வந்தவங்கள்லாம் சாப்டாங்களா? நீயும் ஒரு எல போட்டு உக்காரு.”

தன் வீட்டுக்கு வந்தவனைக் கேட்பது போலத்தான் கேட்டார். அவன் உட்காரவில்லை. அடுத்த இலைகளுக்கு லட்டு வைக்க அவன் கை வரவில்லை. கூட வந்தவர்கள் வைத்தார்கள். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேமராக்காரர் சுறுசுறுப்பானவர். பந்தி முடிவதற்குள் படம் ஸ்டேட்டஸ் ஏறி, அரியலூர் மாவட்டம் முழுக்கச் சுற்றி, சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருந்தது. பேனருக்கு நேர் கீழே, ‘ஆதரவற்ற’ என்ற சொல்லுக்கு அடியில், லட்டும் கையுமாக எங்கள் அப்பா.

அண்ணன் போனில் முதலில் கேட்டது, அவர் எதற்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார் என்று. பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு, முழுக் கட்டணம் கட்டுகிற எங்கள் அப்பாவை எப்படி ஆதரவற்றவர் ஆக்கலாம் என்று குதித்தான். கட்டுகிறவர்களையும் கட்டாதவர்களையும் பிரித்து உட்கார வைத்தால் பாதிப் பந்திதான் நிறையும், பாதிப் பந்திக்கு யார் சார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்டாராம் மேனேஜர். நியாயமான கேள்வி.

இரண்டே நாளில் அண்ணன் முடிவெடுத்துவிட்டான். கோயம்புத்தூருக்கும் அந்தப் பக்கம், மலை அடிவாரத்தில் ஓர் இல்லம். அப்பாவைச் சென்னைக்கே திரும்பக் கூட்டிப்போய்விட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம், நம்ம ஊர்க்காரன் எவனும் சோறு போட அங்கே வரமாட்டான் என்றான். அடுத்த மாதம் பிறந்ததும் அப்பாவைக் கொண்டுபோய் விடுவதாகத் திட்டம். தம்பி குழுவில் கட்டை விரலை உயர்த்தினான்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இங்கே இருந்தால் ஆபீஸ் விட்டு பஸ் ஏறினால் அரைமணியில் அப்பாவைப் பார்த்துவிடுவேன். அங்கே கொண்டுபோய் விட்டால் அவர் யாரிடம் பேசுவார்? அவருக்குத் தெரிந்த ஒரு லாரிகூட அந்த வழியில் போகாது. அழுதுகொண்டுதான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

“ஒங்கம்மா தெவசம் இந்த மாசக் கடைசியிலதான வருது? அத இங்கயே வச்சிருவோம். போன எடு, நான் எல்லாரயும் கூப்புடுறேன்” என்றார்.

கூப்பிட்டார். அன்று மாலை தொடங்கி, பங்காளி, மாமன் மச்சான், ஆலையில் கூட வேலை பார்த்தவர்கள் என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டு, பஸ் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வழியும் சொன்னார். பேனரும் வேண்டும் என்றார். ‘உறவுகள் அனைவரும் வருக’ என்று மேலே, கீழே அவர் பெயர், அதற்கும் கீழே மூன்று பிள்ளைகள் பெயர். பேனர் கடைக்காரர் என் பெயரை விட்டுவிட்டார். பிள்ளைகள் என்றால் ஆண்பிள்ளைகள் என்று அவராகவே எடுத்துக்கொண்டாராம். அப்பா திருப்பி அனுப்பி வேறு அடிக்க வைத்தார்.

அண்ணனுக்கு முந்தின நாள்தான் சொன்னோம். நிறுத்துவதற்காகத்தான் விடிய விடியக் காரோட்டி வந்தான். அவன் கேட்டருகே வந்து இறங்கும்போது உடையார்பாளையத்து வேன் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. இறங்கினவர்கள், வாசலில் நின்றவனைப் பார்த்து, மூத்த பிள்ளை வரவேற்க நிற்கிறான் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டி, ரசவாளியைத் தூக்கினான்.

இல்லத்துப் பெரியவர்களும் எங்கள் சொந்தக்காரர்களும் ஒரே பந்தி. யார் ஆதரவுள்ளவர், யார் இல்லாதவர் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அப்பா வாக்கரைப் பிடித்து இலை இலையாகப் போய், கூச்சப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடும்படி உபசரித்தார். அத்தை நடுவில் உட்கார்ந்திருந்தார். சாம்பார் வரை குனிந்து சாப்பிட்டார். ரசத்தோடு அண்ணன் வந்ததும் தலையைத் தூக்கினார்.

“ஏண்டா பெரியவனே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மாசம் எவ்வளவு கட்டுற?”

அண்ணன் கரண்டியோடு நின்றான். அவனுக்குத் தெரியாது. ஒருமுறைகூட அவன் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. என்னைப் பார்த்தான். நான் அப்பளம் வைக்கிற வேலையில் மும்முரமாக இருந்தேன். பொய் சொல்லமாட்டேன், அவன் அப்படி நின்றது எனக்கு இனித்தது.

“அவன ஏன் கேக்குற?” என்றார் அப்பா பின்னாலிருந்து, பந்திக்கே கேட்கும்படி. “கட்டுறது எம் பொண்ணு. பொண்ணு வூட்டுச் சோறுதான் திங்கிறேன். நல்லாத்தான் செரிக்குது.”

பந்தியில் எல்லோருக்கும் திடீரென்று இலை மேல் அக்கறை வந்துவிட்டது. அண்ணன் அடுத்த இலையில் இருந்த பாயசத்தின் மேல் ரசத்தை ஊற்றிவிட்டு நகர்ந்தான். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் கோயம்புத்தூர்ப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. அன்று மாலையே அவன் ‘அப்பா நலம்’ குழுவிலிருந்து வெளியேறிவிட்டான்.

சாப்பிட்டுக் கை கழுவிய அத்தை, அப்பாவின் அறை எது என்று கேட்டு என்னோடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தார். வெந்நீர் வருமா என்று கேட்டார். பெண்ணிடம் காசு வாங்கித் தின்கிற அப்பாவைப் பற்றி என்ன தீர்ப்பு வரப்போகிறதோ என்று, பதில்களைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, மாதக் கட்டணம் எவ்வளவு, பொம்பளைகளைச் சேர்ப்பார்களா என்று கேட்டார். தொகையைச் சொன்னேன். அந்தப் பக்கம் பெண்களுக்குத் தனிக் கட்டடம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஒங்களுக்கென்ன அத்த, மூணு ஆம்பளப் புள்ளைங்க” என்றேன்.

அத்தை மெத்தையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“மூணும் ஆம்பளயாப் போச்சேடி எனக்கு” என்றார்.