ஞாயிற்றுக்கிழமைச் செல்களும் விமலா மேடமும்

புதன்கிழமை காலை, நம் ஆய்வக வாட்ஸ்அப் குழுவில் விமலா மேடத்தைக் கிண்டல் செய்து ஒரு வரி தட்டிக்கொண்டிருந்தேன். அனுப்புவதற்குள் அதே குழுவில் செய்தி வந்துவிட்டது: மாரடைப்பு, மேடம் மர்பி டவுன் வீட்டிலேயே இறந்துவிட்டார். என் வரியை எழுத்து எழுத்தாக அழித்தேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பொம்மசந்திரா ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களைக் குடுவையில் வளர்ப்பது அவர் வேலை. ஊட்டநீர் மாற்றுவதை ‘சாப்பாடு போடுறது’ என்பார். ஞாயிறும் போட வேண்டும் என்பார். விடுமுறை நாளில் யாரும் உள்ளே தனியாக இருக்கக் கூடாது என்பது ஆய்வக விதி. ஆகவே ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டி மேய்க்கும் நான் அவருக்குத் துணை. மனைவி இறந்த பிறகு எனக்கும் ஞாயிறுகளில் வேறு ஜோலி இல்லை. வெளியில் மட்டும், “பாவம், தனிக்கட்டை, அந்தம்மாவுக்காகப் போறேன்” என்று பெருமையடித்துக்கொள்வேன். உங்களில் பாதிப் பேரிடம் அடித்திருக்கிறேன்.

ஒருமுறை, “இதுங்க எப்ப மேடம் சாகும்?” என்று கேட்டேன்.

“சாப்பாடு போட்டா சாகாது சார். சாதாரண செல் ஒவ்வொரு தடவை பிரியறப்பவும் குரோமோசோம் நுனி கொஞ்சம் தேயும். ரொம்பத் தேஞ்சா பிரியறதை நிறுத்திடும். இதுங்க டெலோமரேஸ்னு ஒரு நொதியை வெச்சு, தேஞ்ச நுனியைத் திரும்பத் திரும்பக் கட்டிக்குது.”

“என் தொப்பையிலயும் அது இருக்கும் போல.”

“தொப்பைக்கு அதெல்லாம் எதுக்கு? நீங்க ஓட்டல்ல சாப்பிடற மசால்தோசையே போதும்.” சிரித்துவிட்டு, “அதைத் திட்டாதீங்க சார். கருவுல நம்மள வளர்க்க அதுவும் வேணும். அப்புறம் பெரும்பாலான செல்லுல அடங்கிடும். அடங்கின இடத்துல மறுபடி முழிச்சுக்கிட்டாதான் வம்பு” என்றார்.

அவர் இறந்த பிறகு வந்த ஞாயிறு, பழக்கதோஷத்தில் பத்து மணிக்குப் போய் நின்றேன். செல் வளர்க்கும் அறை பூட்டியிருந்தது. மேலாளரைக் கூப்பிட்டு, செல்கள் பட்டினி கிடக்கின்றன என்று கத்தினேன்.

“சார், சனிக்கிழமை மாத்தினா திங்கள் வரைக்கும் தாங்கும். ஞாயித்துக்கிழமை அவசியமே இல்ல. மேடத்துக்கிட்ட அப்பவே சொன்னேன். ‘எனக்கும் தெரியும். நான் கூப்பிடலைன்னா ஸ்டோர்ஸ் சார் வீட்ல சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பார்’னாங்க.”

நான்தான் துணை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது மேடம் காதுக்குப் போகாமலா இருந்திருக்கும்? ஒருநாளும் என்னைத் திருத்தவில்லை.

விமலா மேடத்திடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது, செல்களுக்கு ஞாயிறும் சாப்பாடு போட வேண்டும் என்ற அந்தப் பொய்யைத்தான். அதைச் சொல்லி நானும் யாரையாவது கூப்பிடலாம் என்று பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரக்கூடிய ஆள்தான் எனக்குத் தெரியவில்லை.