தினகரன் கார் எஞ்சினைத் திறந்த வாரம்

குந்தா பவர்ஹவுஸில் தினகரனுக்கு வேலை, பெரிய பெரிய இயந்திரங்களுக்குக் கிரீஸ் வைப்பது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் செய்துவருகிறார். ஒரு இயந்திரத்தையாவது கழற்றியதுண்டா என்றால் இல்லை. கழற்ற அவரை யாரும் விட்டதுமில்லை. ஆனால் எமரால்டில் அவர் குடியிருக்கும் தெருவில் மிக்ஸி சுற்றாவிட்டாலும் மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டாலும் ஜனங்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "டர்பைனையே பாக்கற ஆளுங்க" என்று ஊரில் ஒரு பேச்சு. தினகரன் அதை மறுத்ததில்லை. டர்பைனைத் தினமும் பார்க்கிறார்தானே.

அவர் கைபட்ட மிக்ஸி ஒன்று தேங்காயை அரைக்காமல் சுவரில் பூசியது. ஒரு வீட்டு மோட்டார் தொட்டியிலிருந்த தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பி அனுப்பியது. அப்படியும் அவர் மேல் ஊருக்கு நம்பிக்கை போகவில்லை. நம்பாத ஒரே ஆள் அவர் மனைவி சுஜாதா.

அவர்களிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. மூன்று கை மாறி வந்தது. போன வருஷம் மழைக்காலத்தில் இருவரும் ஊட்டிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இத்தலார் ஏற்றத்தில் பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. இறங்கி நின்று, சூடு ஆறக் காத்திருந்து, குடத்தில் தண்ணீர் வாங்கி ஊற்றி, ஊற்றி, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் தினகரன் ஆயில் மூடியைத் திறந்தார். சுஜாதாவும் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்குள்ள யாருங்க பால் டீ போட்டு வெச்சது?"

நிஜமாகவே நல்ல கெட்டியான பால் டீ நிறம்தான். ஊட்டி மெக்கானிக்குக்கு போன் போட்டார்கள். அவர் கேட்டவுடனே சொல்லிவிட்டார். "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க. எஞ்சினோட மேல்பாதிக்கும் அடிப்பாதிக்கும் நடுவுல ஒரு தகடு இருக்குதுங்களே, அது. தண்ணியும் ஆயிலும் ஒண்ணாயிருச்சு. எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்குது. அடுத்த வாரம் கொண்டாங்க."

அடுத்த வாரம் முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே குன்னூரில் தினகரனின் தங்கை மகாலட்சுமியின் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் தினகரன்.

"பஸ்ல போயிக்கலாமுங்க" என்றாள் சுஜாதா.

தினகரனுக்கு முகம் சுருங்கியது. தங்கையின் புருஷன் சின்னராஜ் முந்தின நாள்தான் போனில், "மச்சான், உங்க கார்ல வர்றதுன்னா சனிக்கிழமையே கெளம்பிருங்க" என்று சொல்லிச் சிரித்திருந்தான். தாய்மாமன் சீர்த் தட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்குவதா?

"நானே மாத்திர்றேன். ஒரு தகடுதான?"

"ஐயோ" என்றாள் சுஜாதா.

தினகரன் லீவு போட்டார். காருக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் நடுவே நீலத் தார்ப்பாயைக் கட்டினார். போனில் வீடியோ தேடினார். அவர் காருக்குச் சரியாகப் பொருந்திய வீடியோ ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதில் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதர் பஞ்சாபியில் பேசினார். தினகரனுக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியாது. கையைப் பார்த்தால் போதாதா? அந்த மனிதர் ஒவ்வொரு போல்ட்டையும் திருகி முடித்ததும் "பஸ்" என்றார். இவர் ஏன் இத்தனை தடவை பஸ்ஸைக் கூப்பிடுகிறார் என்று தினகரனுக்கு ஒரே குழப்பம்.

"இந்திக்காரங்க 'போதும்'ங்கறதுக்கு அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்றாள் சுஜாதா. சற்று யோசித்துவிட்டு, "இல்லீங்க, உங்களைப் பஸ்ல போகச் சொல்றாரோ என்னமோ" என்றாள்.

கழற்றுவது அதிசயமாக நன்றாகவே நடந்தது. கழற்றுவதில் தினகரனுக்கு எப்போதும் குறை வந்ததில்லை. எஞ்சினின் மேல்பாதியான ஹெட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளை எந்த இடத்தில் எது என்று மாறாமல் வைக்க ஒரு யோசனை செய்தார். சாயங்காலம் சுஜாதா இட்லிக்கு அரிசி ஊறப்போட வந்தபோது, இட்லித் தட்டின் குழிக்கு ஒன்றாகக் கறுத்த போல்ட்டுகள் எண்ணெயில் மினுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு ஊறப்போட எடுத்த அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள்.

"இனிமே இந்த ஊட்டுல உப்புமாதானுங்க."

சூட்டில் வளைந்திருந்த ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாகத் தேய்த்து வாங்க ஊட்டி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். கார் இல்லை, எனவே பஸ். வெளியே சாரல். தினகரன் ஹெட்டைத் துண்டில் சுற்றி, அதன் மேல் ஒரு சின்னக் கம்பளியைப் போர்த்தி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். பஸ்ஸில் கூட்டம். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி பதறி எழுந்தார்.

"கொழந்தைய வெச்சுட்டு நிக்காதீங்க. உக்காருங்க உக்காருங்க."

தினகரன் மறுக்கத்தான் வாயெடுத்தார். ஆனால் அந்தப் பாரம் கையை இறுக்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"பையனுங்களா, புள்ளைங்களா?"

"அது... இன்னும் பாக்கலைங்க" என்று உளறினார்.

அம்மணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கம்பளி நுனியை விலக்கினார். உள்ளே வரிசையாக ஸ்பிரிங்குகள். "அட கடவுளே!" என்று அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் அடித்தார். பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. தினகரன் கம்பளியை மறுபடி போர்த்தி, தலையைக் குனிந்துகொண்டு, லவ்டேல் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது சாக்குப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் இடம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை மாட்டும் நாள். ஊட்டியில் வாங்கி வந்த புதுக் கேஸ்கெட்டை வைத்தாயிற்று. ஹெட்டை மேலே இறக்கியாயிற்று. இனிமேல்தான் சிக்கல். போல்ட்டுகளை மனம்போனபடி முடுக்க முடியாது. எல்லாம் ஒரே அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் புதுத் தகடும் போய்விடும். அந்த இறுக்கத்தைக் காட்டும் விசேஷ ஸ்பேனர் எமரால்டில் யாரிடமும் கிடையாது. தினகரன் மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார். ஒரு மீட்டர் நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி, குழாயின் நுனியை ஆறு கிலோ பலத்தில் இழுத்தால் தேவையான இறுக்கம் கிடைத்துவிடும். இது அவருக்கு எப்படித் தோன்றியது என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் கணக்கு சரிதான். ஆறு கிலோவை எப்படி அளப்பது? தேயிலைத் தழை நிறுக்கிற கொக்கித் தராசு இருந்தால் போதும்.

தராசு சசிதரனிடம் இருந்தது. கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மலையாளி அவன். சின்னச் சின்னத் தோட்டக்காரர்களிடம் தழை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புவது அவன் தொழில். சுஜாதாவும் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொஞ்சம் தேயிலையைப் பறித்து அவனிடம்தான் போடுவாள்.

"சேட்டா, தராசு என்டெ ஜீவனாணு. வேற ஆள் கையில தர மாட்டேன்" என்றான் சசிதரன். "வேணும்னா ஞானே வந்து புடிக்கறேன்."

வந்தான். தினகரன் ஸ்பேனரை போல்ட்டின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சசிதரன் குழாய் நுனியில் கொக்கியை மாட்டி, தராசின் வட்ட முகத்தைத் தன் நெஞ்சுக்கு நேராகத் திருப்பிக்கொண்டு இழுத்தான். தழை நிறுக்கும்போதும் அவன் அப்படித்தான் நிற்பான். முள் எங்கே நிற்கிறது என்று அவனைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

"நாலு... அஞ்சு... ஆறு!"

"பஸ்!" என்றார் தினகரன், பஞ்சாபிக்காரரைப் போலவே.

இப்படியே ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மழை வலுத்தது. தார்ப்பாயின் ஓரம் ஒழுகியது. சசிதரன் நனைகிறானே என்று சுஜாதா குடையை எடுத்துக்கொண்டு போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பிடித்தாள். அங்கே நின்றால் தராசின் முகம் நன்றாகத் தெரிந்தது.

"...அஞ்சு... ஆறு!" என்றான் சசிதரன்.

"பஸ்!" என்றார் தினகரன்.

"ஏனுங்க சசி" என்றாள் சுஜாதா. "முள்ளு ஏழுல நிக்குதுங்களே?"

சசிதரன் திரும்பவில்லை. "ஈரத்துக்கு ஒரு கிலோ கழிக்கண்டே சேச்சி? மழையல்லே?"

"இரும்புக்கு ஏதுங்க ஈரம்?"

அப்போதுதான் சசிதரன் தராசுக் கொக்கியில் மாட்டியிருந்த குழாயைப் பார்த்தான். பிறகு எஞ்சினைப் பார்த்தான். தழை இல்லை என்பது அவனுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது போலிருந்தது. "பழக்கமாயிப் போயி சேச்சி" என்றான் சின்னக் குரலில்.

"அப்ப, மழையில குடுத்ததுக்கு ஈரம்னு கழிச்சீங்க, சரி. மார்கழி மாசம் மழையே இல்லாம குடுத்தனே, அதுக்கு?"

"அது... பனி, சேச்சி."

"சித்திரை வெயில்ல?"

சசிதரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "பறிக்கற ஆளோட வேர்வை" என்றான்.

சுஜாதா குடையை மடக்கினாள். அவன் மேல் தண்ணீர் கொட்டியது.

"உங்க சண்டையெல்லாம் அப்பறம் வெச்சுக்கங்க!" என்று தினகரன் கத்தினார். "இதுல எது ஆறு, எது ஏழு? எல்லாமே ஏழா?"

யாருக்கும் தெரியவில்லை. அதுவரை முடுக்கிய அத்தனையையும் தளர்த்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை தராசை சுஜாதா பிடித்தாள். முகத்தை வெளியே காட்டித்தான் பிடித்தாள். சசிதரன் குடை பிடித்தான். அதற்குள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜானகியம்மாளும் வந்துவிட்டார். அவரும் அவனிடம் தழை போடுகிறவர்தான். ஒவ்வொரு தடவை முள் நகரும்போதும் அவர் உரக்கப் படித்துச் சொல்லிவிட்டு சசிதரனை ஒரு பார்வை பார்த்தார். "அஞ்சரைங்க, தம்பி. நல்லாப் பாத்துக்கங்க. அஞ்சரைன்னா அஞ்சரைதானுங்க." சசிதரன் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் மாட்டி முடிந்தது. புது ஆயில், புதுத் தண்ணீர். தினகரன் சாவியைத் திருகினார். கார் இருமியது. மறுபடி திருகினார். ஒரு குலுக்கல் குலுக்கி உயிர் பிடித்துக்கொண்டது. அடுத்த கணம் பின்னாலிருந்து வெள்ளைப் புகை எழும்பித் தெருவையே மூடியது. எதிர்வீட்டில் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். தினகரனுக்குக் கண் கலங்கியது; புகையினாலா துக்கத்தினாலா என்று சொல்ல முடியாது. ஆனால் உள்ளே தங்கியிருந்த பழைய தண்ணீர்தான் அப்படி ஆவியாகிப் போயிருக்கிறது. மெதுவாகப் புகை மெலிந்தது, நின்றது. எஞ்சின் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுதுங்க" என்றாள் சுஜாதா. அவள் குரலில் இருந்தது சந்தோஷமில்லை, சுத்தமான ஆச்சரியம்.

ஞாயிறு காலை சீர்த் தட்டை ஏற்றும்போது சுஜாதா சசிதரனையும் வரச் சொன்னாள். "எதுக்கு சேச்சி?" என்றான் அவன். "வழியில நின்னுட்டா தள்றதுக்கு ஆள் வேணுமுங்களே." முந்தின நாள் நடந்ததற்குப் பிறகு முடியாது என்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. பின்சீட்டில் வாழைத்தாரோடு ஏறிக்கொண்டான்.

கார் நிற்கவில்லை. குன்னூரில் கோயில் வாசலில் போய் நிறுத்தி, தினகரன் தேவையில்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். சின்னராஜ் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு போனான்.

ஒரே ஒரு சங்கடம். தினகரன் கையிலிருந்த கரி சீயக்காய்க்கும் போகவில்லை, சோப்புத் தூளுக்கும் போகவில்லை. குழந்தை ஸ்ரீமதியை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் திமிற, தினகரன் இறுக்கிப் பிடித்தார். காது குத்தி முடிந்து தூக்கிப் பார்த்தால், மஞ்சள் பட்டுச் சட்டையில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு முழுக் கை அச்சு.

"அண்ணா!" என்றாள் மகாலட்சுமி.

"தாய்மாமன் சீருன்னு நெனச்சுக்கம்மா" என்றார் தினகரன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். குழந்தை மட்டும் விடாமல் அழுதது.

பந்தியில் சுஜாதா பாயசம் பரிமாறினாள். சசிதரன் இலைக்கு வந்தபோது அரைக் கரண்டியோடு நிறுத்தினாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஈரத்துக்குக் கழிச்சுட்டேனுங்க."

பிறகு மனசு கேட்காமல் மறுபடி வந்து முழுக் கரண்டி ஊற்றினாள்.

திரும்பி வரும்போது ஊட்டி ஏற்றம் முழுக்க மூடுபனி. தினகரனின் கண் ரோட்டில் இல்லை. சூடு காட்டும் முள்ளிலேயே இருந்தது. அது பாதி வரைக்கும் ஏறியது, நின்றது. கொஞ்சம் அசைந்தது போலிருந்தது.

"சசி, பின்னால புகை வருதான்னு பாருங்க."

பின்சீட்டிலிருந்து குறட்டைதான் வந்தது.

"ஏனுங்க, லாரி வருது, ரோட்டைப் பாருங்க!" என்று சுஜாதா கத்தினாள். மடியிலிருந்த தாம்பூலப் பையை எடுத்து மீட்டருக்கு முன்னால் நட்டமாக வைத்து முள்ளை மறைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாகத் தினகரன் ரோட்டைப் பார்த்துக் கார் ஓட்டினார்.