சோப்பு நுரைக்குள் மேகம்

எழுபதுகளில் ஒரு கிறிஸ்துமஸ் சமயம். வண்டிப்பெரியாருக்கு மேலே தேயிலை எஸ்டேட் லயத்தில் இருந்தோம். எனக்குத் தம்பி பிறந்து ஏழாம் நாள். பிள்ளைக்கு மலைக்காற்று ஆகாதென்று ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் சாக்கைத் திணித்து வைப்பது எங்கள் லயத்து வழக்கம். பகலிலும் தரையில் சிமினி விளக்கு எரியும்.

கொச்சியில் ஐஸ்கிரீம் கம்பெனியில் வேலை பார்த்த மாமா, ஆலயத்து நாடகத்தில் தேவதூதன் இறங்கிவர மேகம் வேண்டுமென்று, மரத்தூள் பெட்டியில் புகை ஐஸ் கொண்டுவந்திருந்தார். வாசலில் சோப்புத் தண்ணீரில் ஒரு துண்டு போட்டுக் காட்டினார். நுரை பானை கடந்து பொங்கியது. ஒவ்வொரு குமிழும் உடைந்து வெண்புகை வழிந்தது.

"கையால தொட்டா வெந்து போகும். குப்பியில போட்டு அடைச்சா வெடிக்கும் புள்ள" என்றார். மூடிய அறையைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெளியே வர முடியாத அம்மா அதைப் பார்க்க வேண்டாமா? மாமா ஆலயத்துக்குப் போனதும், இடுக்கியால் பெரிய துண்டுகளாக அறைக்குள் எடுத்துப்போய், தம்பியைக் குளிப்பாட்டிய சுடுதண்ணீர்ச் சட்டியில் சோப்பைக் கரைத்துப் போட்டேன்.

"அடியே, பரலோகத்தையே சட்டியில கொண்டாந்துட்டியே" என்று கட்டிலில் படுத்திருந்த அம்மா சிரித்தாள். புகை தரையெல்லாம் பரவி, பாயில் கிடந்த தம்பியை மூடியது.

விளக்கு அணைந்தது. பற்றவைத்துக் கீழே வைத்தேன், மறுபடி அணைந்தது.

"காத்து எங்கிட்டு வருது? இன்னொரு சாக்க வச்சு அடை" என்றாள் அம்மா. அடைத்தேன்.

இருட்டில் தம்பியின் மூச்சு நாய்க்குட்டி இளைப்பதுபோலக் கேட்டது. தலை வலிப்பதாக அம்மா முனகினாள். தேவதூதனை விளையாட்டாக்கிய பாவந்தான் என்று எனக்குத் தோன்றியது. முழங்காலில் விழுந்து, நெற்றி தரையில் பட, தம்பியை எடுத்துக்கொள்ளாதேயும் ஆண்டவரே என்று கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச எனக்கும் மூச்சு முட்டியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றே நினைத்தேன்.

பெட்டியை எடுக்கத் திரும்பிய மாமா, துண்டுகள் குறைந்திருப்பதைக் கண்டு, சாக்கு அடைத்த கதவை உதைத்துத் திறந்தார். தம்பியை அள்ளி வாசல் தூறலுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து என் சடையைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரி. குனியாத, நிமிந்து ஓடு."

"ஏழு நாள் பிள்ளைய தூறல்ல கொண்டு போட்டியே, பாவி" என்று அம்மா சுவரைப் பிடித்தபடி பின்னால் வந்தாள்.

தம்பி அழுதான். அதைக் கேட்டபிறகே மாமா பேசினார்: "வெள்ளப் புகை கலைஞ்சாலும் அந்த வாயு போகாதுக்கா. மணமில்ல, தண்ணி மாதிரி தரையிலதான் தேங்கும். விளக்கே நிக்காத இடத்துல பச்சப்பிள்ள எப்படி மூச்சு விடும்?"

எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. சடை பிடித்த இடம் எரிந்தது. அந்த ஞாயிறு ஆலயத்தில், பாதி ஜெபத்தில் என்னை இழுத்துப்போட்ட மாமாவை மன்னித்தருளும் என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டேன். அவர் கதவை உதைத்துக்கொண்டு வந்ததுதான் நான் தரையில் கெஞ்சிய ஜெபத்துக்குப் பதில் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.